நியூபோர்ட்டில் மிசிசிப்பி ஜான் ஹர்ட்: கைதட்டல் பாட்டுக்கா, கதைக்கா?

ஆறாம் தந்தி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாக அக்கூஸ்டிக் கிட்டாரில் விரலால் மீட்டப் பழகி வருகிறேன். எங்கள் மாஸ்டர் கொடுத்த பாட்டுகளில் ஒன்று, மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பாடிய ‘கேண்டி மேன்’. பாட்டு பிடித்துப்போய், பாடியவர் யார் என்று தேடிப் படித்தேன். எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வருகிறது. 1928-ல் சில இசைத்தட்டுகள். அப்புறம் 35 வருடம் ஆளைக் காணோம். 1963-ல் யாரோ போய்த் தேடிப் பிடிக்கிறார்கள். அதே வருடம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மேடை ஏறுகிறார், கூட்டம் கொண்டாடுகிறது. 1966-ல் இறந்துவிடுகிறார்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம். எழுபது வயதை நெருங்கிய, தொப்பி போட்ட, சாதுவான ஒரு கிராமத்துப் பெரியவர், கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறார். யாராக இருந்தாலும் கைதட்டத்தான் செய்வார்கள். அது பாட்டுக்குக் கிடைத்ததா, ‘பாவம், இத்தனை நாள் எங்கே கிடந்தாரோ’ என்ற இரக்கத்தில் வந்ததா? சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் மேடையில் இருந்திருக்கிறார். அவரை மடி வாட்டர்ஸ், பி.பி. கிங் போன்ற ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு வகை) ஜாம்பவான்கள் வரிசையில் வைத்துப் பேசுவது சரியா?

ரயிலடி அக்கா இங்கே ப்ளூஸ் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் சொல்லட்டும். மற்றவர்களும் சொல்லுங்கள்.

ரயிலடி:

தம்பி, கைதட்டல் பாட்டுக்குத்தான். எனக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ‘35 வருடம் ஆளைக் காணோம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இசைத்தட்டு சேகரிக்கும் நகரத்து ஆட்களுக்குத்தான் அவரைக் காணோம். ஊர்க்காரர்களுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று நன்றாகவே தெரியும். மிசிசிப்பி மாநிலத்தில் கரோல் கவுண்டி, அதில் அவலான் என்று ஒரு சின்ன ஊர். டெல்டா சமவெளி முடிந்து மேட்டு நிலம் ஏறத் தொடங்குகிற இடம். சின்ன வயதில் யாரிடமும் போகாமல் தானாகவே கிட்டார் பழகியது அங்கேதான். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்ததும், மாடு பார்த்துக்கொண்டதும் அங்கேதான். சனிக்கிழமை ராத்திரி யார் வீட்டிலாவது ஆட்டம் என்றால் இவரைக் கூப்பிடுவார்கள். கறுப்பினத்தவர் வீடுகளிலும் வாசித்தார், வெள்ளையர் ஆடும் இடங்களிலும் வாசித்தார். ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது, பாட்டும் காதில் விழ வேண்டும், பல நாள் கூட வாசிக்க ஆள் இருக்காது. அவருடைய வாசிப்பு முழுக்க அந்தத் தேவையிலிருந்து வந்தது. அந்த வீட்டு ஆட்டங்களையும் நான் மேடை என்றுதான் எண்ணுகிறேன். அப்படிப் பார்த்தால் மூன்று வருடம் என்ற உங்கள் கணக்கே மாறிவிடும்.

1928-ல் நடந்தது இது. அந்த வட்டாரத்தில் வில்லி நார்மர் என்று வெள்ளைக்கார ஃபிடில் (வயலின்) கலைஞர் ஒருவர் இருந்தார். அவருடைய ஜோடி கிட்டார்காரர் வர முடியாத நாளில் ஹர்ட்டைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு ஃபிடில் போட்டியில் ஜெயித்ததில் நார்மருக்கு ஓக்கே ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் பதிவு செய்யும் வாய்ப்பு வந்தது. கம்பெனி சார்பில் வந்த டாமி ராக்வெல்லிடம், எங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்று சொன்னவர் நார்மர்தான். பிப்ரவரியில் மெம்ஃபிஸுக்குப் போய்ப் பாடினார். பெரிய கூடம், உள்ளே இரண்டு மூன்று பேர்தான். மைக்கை வாய்க்கு நேரே கொண்டுவந்து வைத்து, தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பயத்தில் விறைத்து உட்கார்ந்ததில் கழுத்து பல நாள் வலித்தது என்று பின்னால் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவில் இருக்கும் ‘ஃப்ராங்கி’யைக் கேட்டுப் பாருங்கள். கழுத்து விறைத்துப்போன மனிதரின் விரல்கள் அவை என்று நம்பவே முடியாது. அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம்.

டிசம்பரில் நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். குளிர்காலம், தெரிந்த முகம் கிடையாது. அங்கே பதிவான பாட்டுகளில் ஒன்று ‘அவலான் ப்ளூஸ்’. என் சொந்த ஊர் அவலான், அது எப்போதும் என் நினைவில் இருக்கிறது என்று பாடினார். தட்டுகள் சரியாக விற்கவில்லை. அடுத்த வருடமே பொருளாதாரப் பெருமந்தம் வந்து, இந்த மாதிரி இசைத்தட்டு வியாபாரமே படுத்துவிட்டது. அவர் ஊருக்குத் திரும்பி வயலைப் பார்த்தார். பேருக்கு முன்னால் ‘மிசிசிப்பி’ என்று ஒட்டியதும் கம்பெனிதான், விற்பனைக்காக.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1952-ல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்து ஃபோக்வேஸ் நிறுவனம் மூலம் ஒரு பெரிய தொகுப்பு கொண்டுவந்தார். அதில் ஹர்ட்டின் ‘ஃப்ராங்கி’யும் ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸு’ம் இருந்தன. நியூயார்க்கின் கிரெனிச் வில்லேஜில் காபிக் கடைகளில் பாடிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்துக்கு அந்தத் தொகுப்புதான் பாடப்புத்தகம். ஊசியைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைத்து, இந்த ஆள் எந்த விரலால் எதை மீட்டுகிறார் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1963-ல் நியூபோர்ட்டுக்கு வந்தவர்களில் பலருக்கு அவருடைய பாட்டு முன்பே மனப்பாடம். தெரியாத ஒரு பெரியவரைப் பார்த்து இரக்கப்பட்ட கூட்டம் என்று அதைச் சொல்லவே முடியாது. ஆசான் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்ற பரபரப்பு அது.

அவரைத் தேடிப் போன விதத்தையும் சொல்லியாக வேண்டும். டிக் ஸ்பாட்ஸ்வுட், டாம் ஹாஸ்கின்ஸ் என்று வாஷிங்டன் பக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர். அவர்களிடம் ‘அவலான் ப்ளூஸ்’ ஒலிநாடாவில் வந்து சேர்ந்தது. பாட்டிலேயே ஊர்ப் பேர் இருக்கிறது, ஆனால் அப்போதைய வரைபடங்களில் அந்த ஊர் இல்லை. ஒரு பழைய அட்லஸில் கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே ஒரு புள்ளியாக இருந்தது. 1963 மார்ச்சில் ஹாஸ்கின்ஸ் காரில் போய் ஊர்க் கடையில் விசாரித்தார். இந்த மேட்டில் ஏறினால் மூன்றாவது தபால் பெட்டி என்று சட்டென்று வழி சொன்னார்கள். இதைத்தான் ‘காணாமல் போனவர்’ என்கிறார்கள்!

ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்து கதவைத் தட்டியதும் ஹர்ட் பயந்துவிட்டார், போலீஸோ எஃப்.பி.ஐ.யோ என்று நினைத்தார். பல கட்டுரைகளில் இதைச் சிரிப்பாக எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து நகரமான கிரீன்வுட்டில் அந்தக் குளிர்காலத்தில்தான் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கம் நடந்தது. பதில் நடவடிக்கையாக ஏழைகளுக்குக் கொடுத்துவந்த உணவுப் பொருளையே நிறுத்தினார்கள். அதே மார்ச்சில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் நாயை ஏவியது. 1955-ல் எமெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினப் பையனைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள், அவனைக் கடத்திய மணி என்ற ஊரும் அதே வட்டாரம்தான். ஜூன் மாதம் ஜாக்சன் நகரில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாநிலத்தில் வாழ்ந்த ஒரு கறுப்பின விவசாயி, முன்பின் தெரியாத வெள்ளைக்காரனைப் பார்த்துப் பயப்படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அப்போது அவரிடம் சொந்தக் கிட்டார்கூட இல்லை. ஹாஸ்கின்ஸ் கொண்டுபோன கிட்டாரை வாங்கித்தான் வாசித்துக் காட்டினார். நாலே மாதம் கழித்து ஜூலை கடைசியில் நியூபோர்ட். நிறவெறியின் கெடுபிடிக்குள் வாழ்ந்துவந்த மனிதர், மூன்று நாளில் 40,000-க்கும் மேல் ஆட்கள் வந்துபோன விழாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீட்டு முற்றத்தில் பாடுவது போலவே பாடியிருக்கிறார். குரலைக் கூட்டவில்லை. வித்தை எதுவும் காட்டவில்லை. வான்கார்டு நிறுவனம் அந்த விழாவைப் பதிவு செய்து தட்டாக வெளியிட்டது, இப்போதும் கேட்கலாம். கூட்டம் அமைதியாகிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது பதிவிலேயே தெரியும்.

என் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரயில்வேயில் கேங்மேன், விருத்தாசலம் பக்கம். கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நகர்த்தும்போது ஒருவர் பாட மற்றவர்கள் ஏலேலோ என்று இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் அத்தனை பேருடைய பலமும் ஒரே நொடியில் சேரும். ஹர்ட்டும் கொஞ்ச நாள் ரயில்பாதை வேலைக்குப் போனவர். ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ அங்கே காதில் விழுந்த வேலைப்பாட்டிலிருந்து வந்தது. இந்தச் சுத்தியலைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடு, நான் போய்விட்டேன் என்று சொல் என்கிற பாட்டு. எவ்வளவு கோபமாகப் பாடியிருக்கலாம்! அவர் குரலில் கோபமே கிடையாது, வேலை முடிந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற நிதானம். ஆனால் கட்டைவிரல் ஒரு தட்டுகூடத் தவறாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் உடனே தலையாட்டியிருப்பார்கள்.

மடி வாட்டர்ஸ் வரிசையா என்றால், அது வேறு வரிசை. ஹர்ட் கதைப்பாட்டு, ஆட்டப் பாட்டு, தேவாலயப் பாட்டு, ப்ளூஸ் எல்லாம் கலந்து பாடிய பழைய தலைமுறைக்காரர். ஒப்பிட்டு மார்க் போட வேண்டாம்.

மெட்டுக்காரன்:

அக்கா வரலாறு சொல்லிவிட்டார், நான் கிட்டார் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

நண்பரே, ‘கேண்டி மேன்’ பழகுகிறீர்கள் அல்லவா? இரக்கமா, திறமையா என்பதற்குப் பதில் உங்கள் கட்டைவிரலிலேயே கிடைக்கும். ஹர்ட் நகப்பூண் எதுவும் போடாமல், வெறும் கட்டைவிரலையும் இரண்டு விரல்களையும் வைத்து வாசிப்பவர். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறித் தாளம் வைக்கும். அந்த நடை ஒருபோதும் நிற்காது. மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிக்கும், அதுவும் தாளத்தின்மேல் விழாமல் கொஞ்சம் முன்னே பின்னே விழும். மிருதங்கத்தில் தொப்பி ஒரு பக்கம் நடையைப் பிடித்துக்கொண்டிருக்க, வலந்தலையில் சொற்கள் குறுக்கே பாய்வது போல. இதில் மூன்றாவதாகப் பாட்டு வேறு. வாய் ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று மூன்றையும் ஒரே ஆள் சுமக்கிறார். கேட்க எளிமையாக இருப்பதால் வாசிக்கவும் எளிது என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு வரியின் கடைசிச் சொல்லைப் பல இடங்களில் அவர் பாடவே மாட்டார், கிட்டாரிடம் விட்டுவிடுவார். கிட்டார் அந்த இடத்தை முடித்து வைக்கும். ‘காபி ப்ளூஸ்’ பாட்டில் இதை நன்றாகக் கேட்கலாம். லவின் ஸ்பூன்ஃபுல் என்ற ராக் குழு பேர் வைத்துக்கொண்டதே அந்தப் பாட்டில் வரும் சொல்லை எடுத்துத்தான்.

விரல் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் நடத்திய ‘ரெயின்போ குவெஸ்ட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹர்ட் வந்த பகுதியைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனால் வலது கை தெளிவாகத் தெரியும். கை கிட்டத்தட்ட அசையாமல் ஓரிடத்தில் நிற்கும், விரல்கள் மட்டும் வேலை செய்யும். நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: முதலில் கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு பாடுங்கள். பேசிக்கொண்டே தாளம் தவறாமல் வாசிக்க வந்த பிறகு மெட்டுக்குப் போங்கள். அவசரப்பட்டால் கட்டைவிரல் மெட்டின் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும், அப்புறம் திருத்துவது கஷ்டம்.

பர்மா பஜார் கேசட்:

ரயிலடி சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழாவின் ரசனையைப் பற்றியும் பேச வேண்டும், இல்லையென்றால் பாதிதான் சொன்னதாகும்.

நியூபோர்ட்டில் ப்ளூஸ் மேடை ஏறியது 1963-ல் முதல்முறை அல்ல. 1960-ல் அங்கே நடந்த ஜாஸ் விழாவில் மடி வாட்டர்ஸ் தன் சிகாகோ குழுவோடு, மின்கிட்டாரும் ஹார்மோனிகாவும் டிரம்ஸுமாக ஒரு பிற்பகல் வாசித்தார். முந்தைய நாள் ராத்திரி டிக்கெட் கிடைக்காத இளைஞர்கள் தெருவில் கலவரம் செய்ததால் விழாவையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கடைசி நாளில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கேயே எழுதிக் கொடுத்த விடைபெறும் ப்ளூஸைப் பியானோக்காரர் ஓட்டிஸ் ஸ்பான் பாடினார். அந்த நிகழ்ச்சி இசைத்தட்டாக வந்து பெரிய பேர் வாங்கியது.

சரி, அதே மடி வாட்டர்ஸ் மூன்று வருடம் கழித்து என்ன செய்தார்? 1963 செப்டம்பரில் மின்கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, ‘படி கை’ (Buddy Guy) என்ற இளம் கிட்டார் கலைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அக்கூஸ்டிக் கிட்டாரில் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். அடுத்த வருடம் வந்த அந்த ஆல்பத்தின் பேரே ‘ஃபோக் சிங்கர்’. அவருடைய இசைத்தட்டு நிறுவனமான செஸ் அப்படிச் செய்யச் சொன்னது ஏன்? நாட்டுப்புற இசை ரசிகர்கள் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். தாடி வைத்த கல்லூரி இளைஞர்களுக்கு மரக் கிட்டாரும் கிராமமும் முதுமையும்தான் உண்மையான ப்ளூஸ். சிகாகோவில் தொழிற்சாலை வேலை முடிந்து வருகிற கறுப்பினத் தொழிலாளிகள் ஆடிய மின்சார ப்ளூஸ் அவர்களில் பலருக்கு வெறும் வியாபாரம். 1965-ல் பால் பட்டர்ஃபீல்டின் மின்சாரக் குழு நியூபோர்ட் மேடை ஏறியபோது நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஏளனமாக அறிமுகம் செய்து, அதனால் இசைக் கலைஞர்களின் மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மனுக்கும் அவருக்கும் கைகலப்பே நடந்தது. அதே வார இறுதியில்தான் நாட்டுப்புறப் பாடகராகப் பேர் வாங்கியிருந்த பாப் டிலன் மின்கிட்டாரோடு வந்தார்.

ஆகவே கைதட்டல் பாட்டுக்குத்தான், ஆனால் எந்தப் பாட்டுக்குக் கைதட்டுவது என்பதைக் கூட்டம் முன்பே முடிவு செய்து வைத்திருந்தது. ஹர்ட் அந்த வரையறைக்குள் சரியாகப் பொருந்தினார். இது அவருடைய குறை கிடையாது. நியூபோர்ட்டில் கொண்டாடப்பட்டவர் எந்த அளவுக்குக் கறுப்பின மக்கள் அப்போது கேட்டுக்கொண்டிருந்த இசையின் பிரதிநிதி என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டு ரேடியோவில் அப்போது ஓடியது மோட்டவுன் நிறுவனத்துப் பாட்டுகள், சோல் இசை, பி.பி. கிங்.

ஆறாம் தந்தி:

மூவருக்கும் நன்றி. மெட்டுக்காரன் சொன்னபடி கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு பாடிப் பார்த்தேன், இரண்டாவது வரியிலேயே தடுமாறுகிறது!

அக்கா, இன்னும் இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்தக் கடைசி வருடங்களில் அவருக்குக் கையில் காசு ஏதாவது சேர்ந்ததா? அவரைப் போலத் தேடிப் பிடித்த மற்றவர்களுக்கும் விழா இப்படித்தான் அமைந்ததா?

ரயிலடி:

பர்மா பஜார் கேசட் சொன்ன ரசனை விஷயம் உண்மை. நான் மறுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கூட்டத்தின் ரசனை எதுவாக இருந்தாலும், ஹர்ட் தன் பாட்டை அதற்காக மாற்றவில்லை. 1928 தட்டையும் 1963 பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். வேகம் குறைந்திருக்கிறது, குரலில் வயது ஏறியிருக்கிறது, விரல் அப்படியே இருக்கிறது. மடி வாட்டர்ஸுக்குக் கம்பெனி சொல்லிக் கிட்டாரை மாற்ற வேண்டியிருந்தது. ஹர்ட்டுக்கு அந்த நெருக்கடி வரவில்லை. அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம்.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். 1963 நியூபோர்ட் விழா லாப நோக்கம் இல்லாத அமைப்பாகத் திருத்தி அமைக்கப்பட்டது. விழா அமைப்பாளர் ஜார்ஜ் வீனும் பாடகர்கள் பீட் சீகரும் தியோடர் பிகெலும் சேர்ந்து போட்ட விதி என்னவென்றால், மேடை ஏறுகிற எல்லோருக்கும் ஒரே சம்பளம், 50 டாலர். அதோடு பயணச் செலவு, சாப்பாடு, தங்கும் இடம். நட்சத்திரப் பாடகி ஜோன் பாயஸுக்கும் அதே 50 டாலர்தான், அவலானிலிருந்து வந்தவருக்கும் அதேதான். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். வயலில் வாரம் பிரித்துக்கொடுத்துக் கணக்கு முடியும்போது கையில் ஒன்றும் மிஞ்சாத முறையில் வாழ்ந்த மனிதர் அவர். நட்சத்திரமும் தானும் சமம் என்று கணக்கு எழுதிய இடம் அதற்கு முன்னால் அவருக்கு எங்கே கிடைத்திருக்கும்?

விழா அமைப்பு அவருக்கு ஒரு கிட்டாரும் வாங்கிக் கொடுத்தது. நியூயார்க்கில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விலை உயர்ந்தவை எல்லாம் இருந்தும் அவர் எடுத்தது நடுத்தரமான கில்ட் எஃப்-30. அவருடைய பிற்காலப் படங்கள் பலவற்றில் அதைப் பார்க்கலாம்.

நியூபோர்ட்டுக்குப் பிறகு வேலை நிறைய வந்தது. வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து ஆன்டாரியோ பிளேஸ் என்ற காபிக் கடையில் தொடர்ந்து பாடினார். கல்லூரிகள், ஃபிலடெல்ஃபியா விழா, ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று போய்வந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகவும் நிறையப் பாட்டுகளைப் பதிவு செய்து கொடுத்தார். வயலில் கண்டிராத வருமானம் வந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒப்பந்தம் என்ற ஒன்று இருக்கிறதே. அவரைத் தேடிப் போனவர்கள் தொடங்கிய மியூசிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்தது. பின்னால் வான்கார்டு நிறுவனத்துக்கும் பாடினார். இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே நடந்த வழக்கு, அவர் இறந்து பத்து வருடம் ஆன பிறகும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தது. தேடிப் போனவர்கள் பாட்டின்மேல் உயிரையே வைத்திருந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டின்மேல் பிரியம் வைப்பதும் பாடியவருக்குக் கணக்கை நேராக வைப்பதும் வேறு வேறு வேலை. இரண்டாவது வேலையில் அக்கறை போதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மற்றவர்களுக்கு இப்படி அமையவில்லை. புக்கா வைட் கதை கேட்க நன்றாக இருக்கும். அவருடைய பாட்டில் அபர்டீன் என்ற ஊர்ப் பேர் வருவதை வைத்து, ஜான் ஃபேஹியும் எட் டென்சனும் ‘பழைய ப்ளூஸ் பாடகர் புக்கா வைட், அபர்டீன், மிசிசிப்பி’ என்று முகவரி எழுதி ஒரு கடிதம் போட்டார்கள். அதுவும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது! சன் ஹவுஸை 1964 ஜூனில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் கண்டுபிடித்தார்கள். அவர் பல வருடங்களாகக் கிட்டாரையே தொடாமல் இருந்தார். தன் பாட்டையே மறந்திருந்தார். ஆலன் வில்சன் என்ற இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து, 1930-ல் நீங்கள் இப்படி வாசித்தீர்கள், 1940களில் இப்படி வாசித்தீர்கள் என்று அவருடைய பாட்டை அவருக்கே திரும்பச் சொல்லிக் கொடுத்தார். பிறகு அவர் மேடையில் பாடியதைப் பார்த்தவர்கள் மிரண்டுபோனார்கள்.

ஸ்கிப் ஜேம்ஸ் விஷயம்தான் மனதைப் பிசையும். 1964-ல் மிசிசிப்பியின் டுனிகாவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அங்கிருந்து கொஞ்ச நாளிலேயே நியூபோர்ட் மேடைக்கு வந்து, அந்த உச்சக் குரலில் பாடினார். அன்றைக்குப் பாடியதை இன்றும் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஆனால் வாய்ப்புகள் ஹர்ட்டுக்கு வந்த அளவுக்கு வரவில்லை. ஸ்கிப் ஜேம்ஸின் பாட்டு இருட்டானது, அவரும் எளிதில் நெருங்கவிடுகிற மனிதர் அல்ல. ஹர்ட் சிரித்த முகம், காபிக் கடைக்கு வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார், பாட்டும் சொல்லிக் கொடுப்பார். உங்கள் முதல் கேள்வியில் நியாயம் இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. கைதட்டல் பாட்டுக்குத்தான் என்றாலும், அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவது பல நேரம் முகத்தைப் பார்த்து நடந்தது. அப்படிப் பார்த்தால் குறைவாகக் கிடைத்தது ஸ்கிப் ஜேம்ஸுக்கு. ஹர்ட்டுக்குத் தகுதிக்கு மேல் கிடைத்தது என்று நான் சொல்லவே மாட்டேன்.

கடைசியில் ஹர்ட் மிசிசிப்பிக்கே திரும்பி, அவலானுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரெனடாவில் குடியேறினார். 1966 நவம்பர் 2 அன்று மாரடைப்பில் அங்கேயே இறந்தார். அடக்கம் செய்தது அவலானில்.

கேட்க ஆரம்பிக்கிறவருக்கு என் யோசனை: முதலில் 1928 பதிவுகளைக் கேளுங்கள், ஒரு டஜனுக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கரகரவென்று சத்தம் இருந்தாலும் விடாதீர்கள். அடுத்து நியூபோர்ட் பதிவு. அதற்குப் பிறகு வான்கார்டு வெளியிட்ட ‘டுடே’ ஆல்பம், ஒலி மிகச் சுத்தமாக இருக்கும், உங்கள் பயிற்சிக்கு அதுதான் வசதி. கட்டைவிரல் தடுமாறுகிறது என்றீர்களே, ‘கேண்டி மேன்’ கொஞ்சம் கடினம் தம்பி. மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ‘ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்’ எடுத்துப் பாருங்கள், ஒரே நடைதான். அந்த நடை கைக்கு வந்ததும் இங்கே பதிவு செய்து போடுங்கள், மெட்டுக்காரன் கேட்டுச் சொல்லுவார்.